தோணியில் கிளம்பிய கொப்புளங்கள்

அந்த நோன்பு மாதம் முழுவதும் நான் இருந்த இடத்தில் இருக்கவில்லை. விடியச் சுபஹு தொழுத கையோடு வீட்டு வளவுக்குள் இறங்கி, தென்னைகளுக்கு அடியில் கரையேற்றி வைத்திருந்த எங்கள் தோணியின் அடிப்பலகையைத் தடவிப் பார்ப்பேன். பச்சை பெயின்ட் பூசிக் கடலில் இறக்கிய ஒரு கிழமைக்குள், அம்மை கண்ட பிள்ளையின் உடம்பு போல அது கொப்புளித்திருந்தது. சுரண்டி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் பூசி இறக்கினேன். மறுபடியும் கொப்புளம் கிளம்பியது.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமர்ந்துவிட்டது. மற்றவர்களின் தோணிகள் கீரி மீனும் சூடை மீனுமாக வந்து இறக்கின. வாப்பா மவுத்தான பிறகு எங்களுக்கு மிஞ்சியது இந்தத் தோணி ஒன்றுதான். அது கடலுக்குப் போனால்தான் தங்கச்சிக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஓடு ஏறும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க மாட்டார்கள். பேசி வைத்திருந்தவர்கள், ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் வீடு முடியுமா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். ஓம், முடியும் என்று சொல்லியனுப்பிவிட்டு, போய்த் தோணியை ஓர் உதை உதைத்தேன். கால்தான் வீங்கியது.

பெயின்ட் பூசுவது என் யோசனை. வாப்பா சுறா எண்ணெய்தான் பூசுவார். அந்த நாற்றம் எனக்குப் பிடிக்காது. பலகை ஈரம் என்றார் ஒருவர், டின் பழசு என்றார் இன்னொருவர். யாரோ கண் வைத்த கண்ணூறு என்று உம்மா சொன்னபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயின்ட்டுக்கு என்ன கண்ணூறு என்று சத்தம் போட்டேன். குசினிக்குள் இருந்த தங்கச்சி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

திரும்பவும் பூசி, திரும்பவும் கிளம்பிய ஒரு பின்னேரம், ஆத்திரத்தில் ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் குத்தினேன். உள்ளே இருந்த தண்ணீர் தெறித்து நேராக உதட்டில் விழுந்தது. நோன்பு போய்விடுமோ என்று பதறித் துப்பினேன். துப்பியும் நாக்கில் கரித்தது. கடல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். அது கடலின் கரிப்பு இல்லை, ஊறுகாய்ப் பானையின் கரிப்பு. பெயின்ட்டுக்கு அடியில் யாரோ உப்பு வைத்திருக்கிறார்கள். அந்த உப்புதான் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது.

பொறாமைக்காரர் வேலை என்று நினைத்து, ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தத் தொடங்கினேன். தங்கச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து தோணிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“நான்தான், காக்கா, தேய்ச்ச. பள்ளிவாசல் லெப்பைக்கிட்ட ஓதி எடுத்த உப்பு. ஒவ்வொரு தரமும் நீங்க பூசுறதுக்கு முந்தித் தேய்ச்ச.”

வாப்பா இருந்த காலத்தில் உம்மாவும் இப்படித்தான் கண்ணூறு கழிய உப்புத் தேய்ப்பாராம். சுறா எண்ணெயை அது ஒன்றும் செய்யவில்லை. நான் கேலி செய்வேன் என்று இவள் ஒளித்துத் தேய்த்திருக்கிறாள். கொப்புளம் கிளம்பக் கிளம்ப உப்பையும் கூட்டியிருக்கிறாள்.

மாப்பிள்ளை கைவிட்டுப் போய்விடுவான் என்று அவ்வளவு பயமா என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

“எனக்கென்ன காக்கா, இன்னொரு மாப்பிள்ள வரும். நான் வீட்டோட இரிந்தா நீங்களும் கலியாணம் முடிக்காமத்தானே இரிப்பீங்க. உங்களுக்குக் காதடி நரைச்சிட்டு.”

எனக்கு அழுகை வந்தது. நோன்புக் களைப்பு என்று சொல்லிவிட்டு, தோணியைக் கழுவ நல்ல தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனேன்.