கல்யாண மண்டபத்தில் ஆலைச் சங்கு

கல்யாண வரவேற்புகளுக்கு நான் டிஜே. விக்கிரமசிங்கபுரத்துப் பெண். வள்ளியூரிலிருந்து புன்னக்காயல் வரைக்கும் என் கறுப்புப் பெட்டிகள் போகாத மண்டபம் குறைவு. கொஞ்ச காலம் சென்னையில் ஒரு ஓட்டல் கிளப்பில் வேலை பார்த்தேன். அங்கே இருட்டு. யார் கால் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. இங்கே டியூப்லைட் அத்தனையும் எரியும், முன்வரிசையில் பெரியப்பாக்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். என்னைக் கேட்டால், அந்த வெளிச்சத்தில் ஒருவரை எழுந்து ஆட வைப்பதுதான் பெரிய வேலை.

உனக்குப் பிடித்ததைப் போடுவாயா, ஊருக்குப் பிடித்ததைப் போடுவாயா என்று எல்லாரும் கேட்பார்கள். ஊருக்குப் பிடித்ததைத்தான், இதில் என்ன சந்தேகம். அதில் எனக்குக் குறையும் இல்லை, குத்துப்பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனாலும் என் நாக்குக்கென்று ஒரு ருசி இருக்கிறது. பேச்சே இல்லாமல், ஒரே தாளம் பைய ஏறி ஏறிப் போகிற இசை. வீட்டில் உட்கார்ந்து அதை நானே செய்வேன். ஊருக்குப் பத்துப் பாட்டு போட்டால் எனக்கென்று ஒன்று போட்டுக்கொள்வேன். அந்த நேரம் பார்த்துத்தான் சனங்கள் ஐஸ்கிரீம் எங்கே என்று தேடுவார்கள். நானும் கண்டுகொள்ளமாட்டேன்.

அப்பாவுக்குத்தான் என் தொழில் பிடிபடவே இல்லை. ஊர் நூலாலையில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் செய்வதை 'ரேடியோ செட்டு' என்பார். "ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்தது அதுவா வரும்லா. நீ பக்கத்துல நின்னு என்னத்தச் செய்யுத?" என்று கேட்பார். கேலிக்குக் கேட்டாலும் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் எரிச்சல் வரும். ஒரு தடவை வந்து பாருங்கள் என்றால் வரமாட்டார்.

சித்தி மகனுக்கு எங்கள் ஊரிலேயே கல்யாணம் வைத்தார்கள். வரவேற்புக்கு நான்தான் டிஜே. அப்பா வராமல் தப்பிக்க முடியாது. இதை விடக்கூடாது என்று நினைத்தேன். குத்துப்பாட்டு போட்டு ஊரை ஆட வைத்தால் அப்பா மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பார். நான் செய்த இசையை அவர் கேட்க வேண்டும், கேட்டு அவருக்குப் பிடிக்க வேண்டும். அந்த ஆசை எனக்கு ரொம்ப இருந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆலையின் மதில். இயந்திரங்களின் இரைச்சல் மொட்டைமாடிக்குத் தெளிவாக வரும். போனில் அதைப் பதிவு செய்தேன். ஊமென்று ஓயாத இரைச்சல், உற்றுக் கேட்டால் அதற்குள் ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பின் மேல் தாளத்தைக் கட்டினேன். எல்லாம் ஏறி அடங்குகிற இடத்தில், ஷிப்டுக்கு ஊதுகிற ஆலைச் சங்கை வைத்தேன். அந்தச் சங்கைக் கேட்டு எங்கள் ஊரில் யாருக்குத்தான் சிலிர்க்காது? அப்படித்தான் நம்பினேன்.

அன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப்பேர் ஆலைக் குடும்பங்கள். இரண்டு பாட்டு போட்டதும் பொடிசுகளும் மாப்பிள்ளையின் சிநேகிதர்களும் ஆடத் தொடங்கினார்கள். அப்பா மூன்றாவது வரிசையில், கூட வேலை பார்த்தவர்களோடு உட்கார்ந்திருந்தார். என் இசையை ஏற்றினேன். ஆட்டம் தளர்ந்தது, நிற்கவில்லை. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்பது தெரிந்தது. சங்கை விட்டேன்.

மூன்றாவது வரிசை மொத்தமாக எழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தது. பின்வரிசையும் எழுந்தது. சிலிர்ப்பாவது ஒன்றாவது! காலமெல்லாம் சங்கு ஊதினால் எழுந்து பழகிய கால்கள், எழுந்துவிட்டன. கல்யாண மண்டபத்தில் எழுந்தவர்கள் போக ஒரே இடம்தான் உண்டு. நாலு பேர் பந்திக்கு நடப்பதைப் பார்த்ததும், இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மற்ற எல்லாரும் பின்னால் போனார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்களும் போனார்கள். அப்பாவும் போனார். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும், கீழே நான் மட்டும்.

சமையல்கார அண்ணாச்சி கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். "பந்திக்கு யாருவே கூப்பிட்டது? இன்னும் இலையே போடல. சாம்பாரு அடுப்புல கிடக்கு."

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். சித்தி வந்தாள். "ஏட்டி, பாட்டுப் போடச் சொன்னா சங்கு ஊதுத. இது கல்யாண வீடா, மில்லு வாசலா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்ட? அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "எம்மா, தொண்டை கிழியக் கத்துனாலும் இந்தச் சனம் ஒண்ணாப் பந்திக்கு வராது. இலை போட்டுட்டுக் கை காட்டுதேன். அப்பம் ஊது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் முனகிக்கொண்டே நாற்காலிகளுக்குத் திரும்பியது. போதுமடா சாமி என்று ஊரறிந்த குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டேன். உடனே மண்டபத்துக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் என் கை சும்மா இருக்குமா? ஆலை இரைச்சலை அடியில் பைய விட்டேன், சாம்பாரில் பெருங்காயம் போடுகிற அளவுக்கு. பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து இயந்திரத்தின் துடிப்போடு சேர்த்தேன். மேலே பாட்டுகள் மாறின, அடியில் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, ஆனால் முன்னைவிட நன்றாக ஆடினார்கள். கைகட்டியிருந்த பெரியப்பா ஒருவர் துண்டை எடுத்துச் சுழற்றினார். எது எனக்குப் பிடித்தது, எது அவர்களுக்குப் பிடித்தது என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சந்தோஷமாக இருந்தது.

அப்பா எழுந்தார். கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். ஆடுகிறவர்களின் ஓரத்தில் வந்து நின்றார். பக்கவாட்டில் சில எட்டு நடந்தார், திரும்பி நடந்தார். கையை நீட்டி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து எதையோ திருகிவிட்டார். அடுத்த எட்டில் இன்னொன்று. இயந்திரத்தின் ஓரமாக நடந்து அறுந்த நூல் இழைகளை ஒட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை, மதிலுக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவள். ஆடியும் பார்த்ததில்லை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தேன். தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் வந்து எதிர்வரிசையில் இழை ஒட்டத் தொடங்கினார்கள்.

சாப்பாட்டுக்கூட வாசலில் அண்ணாச்சி கை காட்டினார். எனக்கு மனசே இல்லை. அவர் சொன்னதற்காகச் சங்கை விட்டேன். மண்டபம் சிரித்துக்கொண்டே எழுந்து பந்திக்குப் போனது. எதிர்வரிசைக்காரர்களும் போனார்கள். அப்பா போகவில்லை. காலியான தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பாட்டு முடியப் போனது. "அப்பா, சங்கு ஊதியாச்சு. பந்திக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்க்காமலே இன்னொரு இழையை ஒட்டினார்.

"ஊதுனா ஊதட்டும்ளா. நீ அறுந்துராம ஓட்டு."

அடுத்த பாட்டை எடுத்தேன்.