பின்கதவைத் திறந்த சனிக்கிழமைகள்

போன வாரம் எங்கள் கல்லூரி முதல்வரின் அறையிலிருந்து ஒரு தாள் வந்தது. மாணவர்களை நூலகத்துக்கு வரவழைக்க என்னென்ன செய்யலாம் என்று நூலகர் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டுமாம். நூலகர் என்றால் நான்தான். தாளை மேசைமேல் வைத்தேன். இதே கேள்விக்கு ஒருமுறை நூற்று முப்பது பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறேன். கறுப்பு ரெக்சின் அட்டை, அதன்மேல் தங்க நிறத்தில் என் பெயர், மொத்தம் ஐந்து பிரதிகள். எம்.ஃபில். பட்டமும் கொடுத்தார்கள்.

ரெக்சின் என்றதும் எனக்கு ஷேர் ஆட்டோதான் ஞாபகம் வரும். எங்கள் வீடு வாலாஜாபாத்தில். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் அங்கிருந்து ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் ஓடிய ஆட்டோக்களில் பாதி புத்தம்புதியவை. சீட்டின்மேல் ஒட்டிய பாலிதீன் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். புது ரெக்சின் வாசனையும், சாலை நெடுக வெட்டிப்போட்ட மண்ணின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். ஓட்டுகிறவர் நேற்றுவரை நெல் பயிரிட்டவராக இருப்பார். கியர் மாற்றும்போது அவர் முகத்தில் ஒரு கவலை தெரியும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டு மடங்கு கவலை.

அப்படித்தான் வல்லம் வடகாலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் கிளை நூலகத்துக்குப் போய்வந்தேன். சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் பொது நூலகத்துக்கு ஈர்க்கும் வழிகள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரித்திருந்தேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கணினிவழி நூற்பட்டியலைப் பயன்படுத்துவதில் உங்கள் திருப்தி எத்தகையது என்று ஒரு கேள்வி. அந்த நூலகத்தில் மின்விசிறியே ஒன்றுதான்; அதுவும் நூலகரின் தலைக்கு மேல் இல்லை.

நூலகர் விமலா மேடம் ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தவர். பூட்டைத் திறப்பது, பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் அவர்தான். என் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டு, "பசங்க வந்தா குடும்மா. வர்றதில்லையே," என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பில் வைத்துக் கொடுத்தேன். பரீட்சை என்று நினைத்துவிட்டார்கள் போல. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, நூலகம் மிகவும் பிடிக்கும், தினமும் போகிறேன் என்று எல்லோரும் டிக் அடித்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பெயர் பவானி. எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல், நேராகப் பார்க்கும் கண்கள்.

"ஏன்மா எழுதலை?"

"நான் லைப்ரரி உள்ளவே போனதில்லக்கா. போனாத்தானே எழுத முடியும்."

"ஏன் போனதில்லை?"

"எங்க பெரியப்பா அங்கதான் குந்திகினு கீறாரு. காலைல போனா சாயங்காலந்தான் வூட்டுக்கு வருவாரு. அவருகூட இன்னும் பத்து பேரு. நாங்க வாசல்ல நின்னாலே, இன்னா வேணும்னு கேப்பாங்க."

அன்று மாலை போய்ப் பார்த்தேன். அதுவரை பார்த்தும் மனதில் பதியாத காட்சி. தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, பொழுதை என்ன செய்வதென்று தெரியாத ஆண்கள். கம்பெனியில் சேர வயது கடந்துவிட்டது. ஒரே நாளிதழை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு, படித்து முடித்ததை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஊரில் அவர்கள் உட்கார வேறு நிழலும் இருக்கவில்லை. ஆனால் வளர்ந்த பெண்பிள்ளை ஒருத்தி அவர்களைத் தாண்டி உள்ளே போக மாட்டாள் என்பதும் புரிந்தது. முப்பத்திரண்டு கேள்விகளில் இது எங்குமே இல்லை.

விமலா மேடத்திடம் சொன்னேன். உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிழிந்த புத்தகங்களையும் பழைய பதிவேடுகளையும் போட்டு வைக்கும் அறை. இரும்பு பீரோ ஒன்றைத் தட்டி, "இதுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு. நான் வந்ததுலேர்ந்து திறந்ததில்ல," என்றார்.

இரண்டு பேருமாகத் தள்ளினோம். பூரான் ஒன்று ஓடியது. கதவு திறந்த இடம் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய சந்து. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து வரை அந்த உள்ளறை பெண்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். முதல் வாரம் பவானி, அவள் தங்கை அமுதா, இன்னும் ஐந்து பேர். இரண்டு மாதத்தில் பத்தொன்பது பேர்.

என்ன படித்தார்கள் என்று கேட்பீர்கள். நான் தேர்ந்தெடுத்து அடுக்கிவைத்த அறிவியல் நூல்களை ஒருத்தியும் தொடவில்லை. கடைசிப் பதினாறு பக்கம் கிழிந்துபோன ஒரு துப்பறியும் நாவல்தான் கைக்குக் கை போனது. கொலையைச் செய்தது சித்தப்பனா, டாக்டரா என்று சண்டை. பவானி தன் நோட்டில் முடிவை எழுதி வந்து சத்தமாக வாசித்தாள். அவள் கதையில் கொலைகாரன் பிடிபடாமல் லாரி ஏறிப் பெங்களூர் போய்விடுவான். நாலாவது படிக்கும் அமுதா, "அப்பறம் அங்க இன்னா பண்ணான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விமலா மேடம் வாயில் விரலை வைத்துச் சிரிப்பை அடக்கிச் சொல்வார்: "மெதுவா, மெதுவா. முன்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குது."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆய்வு என்றால் பரிந்துரை வேண்டுமே. உள்ளறை சிறியது, காற்றில்லை, மழைக்கு ஒழுகுகிறது. பெரிய சாலையில் ஒருவர் புதிதாகக் கட்டிய கடைக் கட்டடத்தின் மாடியை நூலகத்துக்குத் தருவதாகச் சொன்னார். வெளிச்சமான இரண்டு கூடங்கள், பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நூலகத்தை அங்கே மாற்றக் கோரி நானே ஒரு மனு எழுதினேன். பவானி வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி வந்தாள்.

விமலா மேடம் மனுவைப் படித்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார். "ரோட்டைத் தாண்டணுமேம்மா."

"எல்லாரும் தாண்டித்தானே மேடம் பஸ் ஏறுறாங்க," என்றேன். அவர் மனுவை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். மேலும் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

மனு பலித்தது. மனுக்கள் பலிக்காத நாட்டில் அந்த ஒன்று பலித்தது. சில மாதங்களில் நூலகம் மாடிக்குப் போனது. அதே சமயம் சாலையை அகலப்படுத்தும் வேலை முடிந்து, நடுவில் சுவர் எழும்பி, கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் நிற்காமல் ஓடத் தொடங்கின. ஊர்க்காரர்கள் நடுச்சுவரில் ஓரிடத்தை உடைத்துக் கடந்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் பத்துப் பேர் வந்தார்கள், பிறகு ஆறு. நான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இடமாற்றத்தை வெற்றிகரமான முன்னுதாரணம் என்று குறிப்பிட்டேன். ஏட்டைச் சமர்ப்பித்த மூன்றாவது வாரம் விமலா மேடம் போன் செய்தார்.

பவானி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்திருக்கிறாள். பாதிச் சாலையைத் தாண்டி நடுச்சுவரின் உடைந்த இடத்தில் நின்று, வண்டி வர வேண்டிய திசையைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று இறங்கியிருக்கிறாள். வேன் ஒன்று எதிர்த்திசையில் தப்பாக வந்திருக்கிறது. பவானிக்குச் சிராய்ப்பு. அமுதாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

காஞ்சிபுரம் மருத்துவமனைக்குப் போனேன். அமுதா மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் காலைப் பிடித்தபடி அவர்களுடைய அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். அதற்குமுன் என்னை அவர் பார்த்ததில்லை. யாரைப் பார்த்தும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊருக்குள்ள இருந்த லைப்ரரிய யாரு ரோட்டுக்கு அந்தாண்ட தூக்கினு போவச் சொன்னது? யாரு கேட்டாங்க? அவங்க புள்ளைய இப்பிடி வுடுவாங்களா?"

பவானி சுவரோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான்தான் கேட்டேன், மனு எழுதியது நான்தான் என்று சொல்ல வேண்டிய நேரம் அது. நாக்கு எழவில்லை. அந்த அம்மா நிமிர்ந்து, "நீ யாருமா?" என்று கேட்டபோதும் எழவில்லை.

பவானி முந்திக்கொண்டாள். "லைப்ரரி மேடத்துக்குத் தெரிஞ்சவங்கம்மா. பாத்துட்டுப் போலாம்னு வந்தாங்க."

வாங்கிப் போயிருந்த ஆப்பிள் பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன். பதினாறு வயதுப் பெண் என்னைக் காப்பாற்றினாள். நான் காப்பாற்றப்பட்டுக்கொண்டு படியிறங்கிப் போனேன்.

இதோடு முடியவில்லை. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி அத்தியாயத்தைத் திறந்து, "ஆய்வு ஏட்டோடு நிற்காமல் களத்தில் ஒரு மாற்றம் கொண்டுவந்திருக்கிறீர்கள், பாராட்டுகிறேன்," என்றார். நன்றி ஐயா என்றேன். எல்லோருக்கும் சமோசா கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தத் தாயும் பெண்ணைச் சாலைக்கு அந்தப் பக்கம் விடவில்லை. பழைய கட்டடத்துக்கே திரும்பக் கேட்கலாம் என்று விமலா மேடம் சொல்லிப் பார்த்தார். அதை அதற்குள் இடித்துவிட்டிருந்தார்கள். மாடி நூலகத்தில் அவர் தனியாக உட்கார்ந்து ஓய்வு பெற்றார். வேறு ஆள் போடவில்லை. பூட்டித்தான் கிடந்தது. நாளிதழ் படித்தவர்களும் அங்கே வரவில்லை. முழங்கால் வலியோடு யார் மாடி ஏறுவார்கள்?

மூன்று நான்கு வருடம் கழித்து ஒரகடம் பேருந்து நிறுத்தத்தில் பவானியைப் பார்த்தேன். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. தெற்கிலிருந்து வந்த இரண்டு பெண்களோடு கம்பெனி பேருந்துக்காக நின்றிருந்தாள். அவளே வந்து பேசினாள்.

"பிளஸ் டூ முடிச்சிட்டு வந்துட்டேங்க்கா. லைன்ல நிக்கறேன். ஓவர்டைம் இருந்தா பொழுதே தெரியாது."

"அமுதா?"

"நடக்கறா. சாஞ்சு சாஞ்சு நடப்பா. இஸ்கூல்ல நொண்டினு கூப்டறாங்கனு நின்னுட்டா."

எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை அப்போதுதான் சொன்னேன். "தப்பு என்னோடதும்மா. அம்மாகிட்டயும் நான் சொல்லியிருக்கணும்."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீ இன்னாக்கா பண்ணுவ," என்றாள். அதுவரை நீங்க என்றவள் அன்றுதான் நீ என்றாள். "கையெழுத்து வாங்கினு வந்தது நானு. அவ கைய புடிச்சினு போனதும் நானு." பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பி, சாப்பிட்டியா என்று வேறு கேட்டாள்.

முதல்வர் அனுப்பிய அந்தத் தாளுக்கு எதுவும் எழுதத் தோன்றாமல் நேற்று அந்த ஊர்ப் பக்கம் போய் இறங்கினேன். சாலைக்குக் குறுக்கே இப்போது நடைமேம்பாலம் இருக்கிறது. அகலமான படிகள், இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே கூரைகூடப் போட்டிருக்கிறார்கள். ஏறி நடுவில் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் நூலகம் இருந்த மாடியில் செல்போன் பழுது பார்க்கும் கடைக்குச் சேமிப்பு அறை. இந்தப் பக்கம் ஊர் இருந்த இடத்தில் வரிசையாக வாடகை அறைகள், கொடிகளில் காயும் ஒரே நிறச் சட்டைகள். பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளிக்கூடத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்டார்களாம். அரை மணி நேரம் நின்றேன். பாலத்தை யாருமே கடக்கவில்லை.