இருபத்தோரு அங்குலம்

சோபாக்காரர் செய்த சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு எழுந்திருக்க மனம் வராது. நாற்பது வருடமாக அவர் பிழைப்பு அதில்தான் ஓடியது. கால் மணி நேரம் பேசிவிட்டுப் போக வந்த காப்பீட்டு ஏஜென்ட் ஒருவர், அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போன கதையை, விருது வாங்கிய கதைபோல இன்றைக்கும் சொல்வார். விழித்த ஏஜென்ட் பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார் என்பது கூடுதல் நன்மை.

அவர் மனைவி செருப்புக்கடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஓரடி உயர ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து ஊரார் கால்களுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டவருக்கு வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. திங்கட்கிழமை அதை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கவும் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். எந்த வீட்டுக்கு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிப் பெண் வந்து வீட்டைப் பார்ப்பார். அவர் சரி என்றால் மனைவி சொந்த வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் ஆறு வாரம் தங்கை வீட்டில் இருக்க வேண்டும். தங்கை வீடு தரைத்தளம், அகலமான கதவுகள், வெஸ்டர்ன் டாய்லெட், எல்லா வசதியும் உண்டு. தங்கையும் உண்டு.

"ஏங்க, அவ பேச ஆரம்பிச்சா மூச்சு விடுறதுக்குக்கூட நிறுத்த மாட்டா," என்று ஆபரேஷனுக்குப் போகும்போது தள்ளுபடுக்கையிலிருந்து மனைவி சொன்னார். "ஆறு வாரம் அதைக் கேட்டா எனக்கு இன்னொரு இடுப்பும் போயிடும். என்ன செய்வீங்களோ தெரியாது, நான் நம்ம வீட்டுக்குத்தான் வருவேன்."

சோபாக்காரர் தலையாட்டினார். சீரகம் எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆறு வாரம் அவராலும் தாங்க முடியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் அவருடைய அக்கா ஒரு பையோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி வார்டில் இருபத்தெட்டு வருடம் நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்து, நடக்கவைத்து, அதட்டி ஓய்வுபெற்றவர். தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலிலிருந்து வேலையை ஆரம்பித்தார்.

"இது என்னடா தரையில?"

"மிதியடி."

"இது?"

"அதுவும் மிதியடிதான்க்கா. மிஞ்சின துணியில தெச்சது."

"எத்தனை இருக்கு?"

எண்ணிப் பார்த்தால் பதினொன்று இருந்தன. அக்கா பதினொன்றையும் சுருட்டிக் கட்டிப் பரண் மேல் போடவைத்தார். வாக்கரின் கால் இடறுவதற்கு ஒரே ஒரு மிதியடி போதும். இந்த வீட்டில் இருப்பு வைத்திருந்தார்கள். மின்விசிறியின் ஒயரைச் சுவரோரமாக ஒட்டவைத்தார். கீழ்த்தட்டிலிருந்த பாத்திரங்களும் மேல்தட்டிலிருந்த டப்பாக்களும் மேடைக்கு வந்தன. குனியக் கூடாது, எட்டவும் கூடாது. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பதுதான் இனி பாத்திரம். அந்தச் சாக்கில் சோபாக்காரர் சீரகத்தைக் கண்டுபிடித்தார்.

குளியலறையில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள் வேண்டும். அவர் கம்பியைப் பொருத்தி முடித்ததும் அக்கா அதில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். ஒன்று சுவரோடு வந்தது. சோபாக்காரர் மறுபடியும் துளை போட்டு, நீளமான திருகாணி வைத்து முறுக்கினார். இந்த முறை அக்கா தொங்கினார், கம்பி நின்றது. டாய்லெட்டின் மேல் வைக்கும் உயர இருக்கையை அக்கா பையிலேயே கொண்டுவந்திருந்தார். யாருடையது என்று தம்பி கேட்கவில்லை.

"செருப்பு மாட்டுற நீளக் கரண்டி ஒண்ணு அவகிட்ட இருக்குமே, கடையில குடுத்தது. அது எங்க? குனியாம செருப்பு போட அதுதான் வேணும்."

சோபாக்காரர் பட்டறைக்குப் போய் அதை எடுத்துவந்தார். நாலு வருடமாகக் குஷன் உறைக்குள் ஸ்பாஞ்சைத் தள்ளுவதற்கு அதைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார். தன் உபகரணங்களிலேயே நல்லது அதுதான் என்று ஒருமுறை மனைவியிடமே சொல்லியிருக்கிறார். அக்கா அதிலிருந்த பசையைச் சுரண்டிவிட்டுச் செருப்பு அலமாரியில் மாட்டினார்.

கடைசியில் கூடத்துக்கு வந்தார்கள். அங்கேதான் சிக்கல்.

மனைவிக்கு முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து பதினெட்டரை அங்குலம் என்று ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருந்தது. உட்காரும் இடம் அதைவிட இரண்டு அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். அழுத்தமாக, கைப்பிடியோடு இருக்க வேண்டும். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினால் புது மூட்டு நழுவிவிடலாம். சோபாக்காரர் வீட்டில் இரண்டு நாற்காலிகள், ஒரு மோடா, ஒரு மூவர் சோபா. எல்லாம் அவர் கைவேலை. ஒன்றுகூடப் பதினைந்து அங்குலத்தைத் தாண்டவில்லை. உட்கார்ந்தால் பதினொன்று.

"இதுல எதுலயும் அவ உட்காரக் கூடாது," என்றார் அக்கா.

"எல்லாமே நான் செஞ்சதுக்கா."

"அதான் சொல்றேன்."

புதன்கிழமை காலை ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் திருகினார். இருக்கையைப் பிரித்துக் கொஞ்சம் கெட்டியான ஸ்பாஞ்சு போட்டுத் தைத்தார். அக்கா வந்து உட்கார்ந்தார், இறங்கினார்.

"நாலு இஞ்ச் உள்ள போகுதுடா."

இன்னும் கெட்டியாகப் போட்டார். இரண்டு அங்குலம் இறங்கியது. அக்கா எழுந்து நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். மூன்றாவது முறை ஸ்பாஞ்சையே தூக்கிப்போட்டுவிட்டு ஒரு பலகையை வைத்து, மேலே விரல் கனத்துக்கு ஒரு கெட்டிக் கம்பளித் துண்டு மட்டும் போட்டு ரெக்சினால் மூடினார். அக்கா உட்கார்ந்தார். இருபத்தொன்றிலிருந்து நூலளவும் இறங்கவில்லை.

"இப்பதான் நாற்காலி."

"கல்லு மாதிரி இருக்கே."

"கல்லு மாதிரிதான் கேட்டிருக்காங்க. தாளைப் படி."

சாயங்காலம் அக்கா தம்பி மனைவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். சோபாக்காரர் அந்த நாற்காலியோடு தனியாக இருந்தார். முப்பத்தொரு வருடம் கட்டை ஸ்டூலில் உட்கார்ந்த பெண்பிள்ளைக்கு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் நாளில், புருஷன் சோபா தைப்பவனாக இருந்தும், ஒரு பலகை. தெருவில் நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டார். பிறகு ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுத்துவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பட்டா கட்டி, அதன்மேல் தன்னிடமிருந்த மிகநல்ல ஸ்பாஞ்சைப் போட்டுத் தைத்தார். மேலே நாடாவை வைத்து அளந்தார். இருபத்தொன்று. அவள் எடை குறைவுதானே, எவ்வளவு இறங்கிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் அந்தத் தெருவில் அவர்தான்.

வியாழக்கிழமை நாலு மணிக்குச் சரியாகப் பிசியோதெரபிப் பெண் வந்தார். கதவுகளை அளந்தார். கட்டிலை அளந்தார், மெத்தைக்கு அடியில் பலகை இருந்தது, அக்கா வேலை. மேடையைப் பார்த்துத் தலையசைத்தார். குளியலறைக் கம்பியைப் பிடித்து இழுத்தார்.

"ரொம்ப உறுதியா போட்டிருக்கீங்கய்யா."

"தொங்கிப் பாத்தோம்," என்றார் சோபாக்காரர்.

பிறகு நாற்காலியின் மேல் நாடாவை வைத்தார். இருபத்தொன்று. எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு உட்கார்ந்தார். ரெக்சின் ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பெண்ணின் முழங்கால்கள் மேலே வந்தன. அப்படியே உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் நாடாவை நீட்டிப் பார்த்தார்.

"பதினேழு."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து பலகைதானடா இருந்துச்சு?"

"கொஞ்சம் மெத்துனு..." என்று இழுத்தார்.

"சொகமாத்தான்யா இருக்கு," என்றார் அந்தப் பெண். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இரண்டாவது முயற்சியில் எழுந்தார். "ஆனா அவங்க இதுல உட்கார்ந்தா மூட்டு நிக்காது. வேற நாற்காலி இல்லேன்னா அவங்க தங்கச்சி வீட்டுக்கே அனுப்பிடலாம். நான் அப்படியே எழுதிடுறேன்."

"இல்லம்மா, எழுதாதீங்க. அவ எப்பவும் உட்கார்றது இங்கதான்." சோபாவின் இடது ஓரத்தைக் காட்டினார். "இதை வேணா கட்டை வெச்சு உயர்த்தித் தரேன்."

அந்தப் பெண் தாளைப் புரட்டினார். "சோபாவா? எங்க உட்காருவீங்கனு கேட்டதுக்கு 'சமையலறை ஸ்டூல்'னு அவங்க எழுதியிருக்காங்களே."

"மருந்து மயக்கத்துல எழுதியிருப்பா," என்றார் சோபாக்காரர். சொல்லிக்கொண்டே, காட்டுவதற்காக இடது ஓரக் குஷனை உள்ளங்கையால் அழுத்தினார்.

கை உள்ளே போகவில்லை. ஸ்பாஞ்சு எதிர்த்துத் தள்ளியது. வலது ஓரத்தில், தன் இடத்தில், அழுத்திப் பார்த்தார். அடிப்பலகை கையில் இடித்தது. இரண்டையும் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் ஒரே ஸ்பாஞ்சுக் கட்டியிலிருந்து வெட்டிப் போட்டிருந்தார். உறையைப் பிரிக்காமலே ஸ்பாஞ்சின் வயதைச் சொல்லக்கூடியவர் அவர். இடது ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து குறைந்தது மூன்று வருடம் ஆகியிருந்தது.

யோசித்துப் பார்த்தார். சாயங்காலம் அவர் சோபாவில் இருப்பார். மனைவி சமையலறையிலிருந்து பேசுவார். கூப்பிட்டால், "வேலை கெடக்கு," என்பார். இரண்டு பேருக்கு அப்படியென்ன சமையல் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மூன்று பேரும் சமையலறைக்குப் போனார்கள். மேடைக்குக் கீழே அந்த ஸ்டூல் இருந்தது. செருப்புக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் கிடந்த அந்த உயர ஸ்டூலை, ஓய்வுபெற்றபோது மனைவி கேட்டு வாங்கிவந்தார். மேல்தட்டை எட்டுவதற்கு என்றுதான் சோபாக்காரர் நினைத்திருந்தார். அக்கா அதை வெளியே இழுத்தார். நாலு கால்களும் அடியில் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்தது தொழில் தெரிந்த கை இல்லை. ஒரு காலுக்கு அடியில் செருப்புப் பெட்டியின் அட்டையை மடித்து ஒட்டியிருந்தது.

பிசியோதெரபிப் பெண் நாடாவை வைத்தார்.

"இருபத்தொண்ணு," என்றார். "அவங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் தன் ரம்பம் மழுங்கிப்போனதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணம் என்று சோபாக்காரர் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். அது இப்போது ஞாபகம் வந்தது.

"அம்மா, நீங்க அரை மணி நேரம் உட்காருங்க," என்றார். எங்கே என்று சொல்ல முடியாமல் ஒரு கணம் திணறி, ஸ்டூலைக் காட்டினார். "அக்கா, டீ போடு. சீரகத்துக்குப் பக்கத்துல டீத்தூள் இருக்கு."

கூடத்தின் நடுவிலேயே நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார். குறட்டால் ஆணிகளைப் பிடுங்கினார். நேற்றுப் பார்த்துப் பார்த்துப் போட்ட தையலைக் கத்தரியால் ஒரே இழுப்பில் கிழித்தார். நல்ல ஸ்பாஞ்சைத் தூக்கி மூலையில் எறிந்தார். பலகையை வைத்தார். கம்பளித் துண்டை எடுத்தவர் அக்காவைப் பார்த்தார்.

"அதை வெச்சுக்கோ. அது அளவுல சேர்ந்ததுதான்," என்றார் அக்கா.

இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. பிசியோதெரபிப் பெண் உட்கார்ந்தார். ரெக்சினிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்தில் நாடாவை வைத்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியின் கைகளைத் தொடாமல் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் மனைவி வந்தார். வாக்கரை ஊன்றிக் கூடத்துக்குள் நடந்துவந்து, அக்கா சொன்னபடி நாற்காலியின் விளிம்பு காலின் பின்பக்கம் படும்வரை பின்னால் நகர்ந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டி, கைகளைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். இறங்கவில்லை. வேறு எங்காவது வந்துவிட்டோமா என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"நீங்களா செஞ்சீங்க?"

"ஆமா."

"செய்யத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

சோபாக்காரர் வாக்கரை எடுத்துச் சுவரோரம் வைத்தார். "ரம்பத்தை நீதான் மழுக்கினியா?"

"ஆமா."

"ஒரு கால் அரை இஞ்ச் குறைச்சல்."

"தெரியும். அட்டை வெச்சிருக்கேன்."

"சோபாவுல உட்கார முடியலைனு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இன்னொரு சோபா செஞ்சிருப்பீங்க."

அக்கா உள்ளே போய்ப் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

வாக்கர் திரும்புவதற்கு இடம் போதாததால் சோபாவைக் கூடத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் பார்க்க வந்த கொழுந்தியாள் அதில் உட்கார்ந்து, தன் அக்கா தன் வீட்டுக்கு வராததைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் குறைபட்டுக்கொண்டாள். கிளம்பும்போது இரண்டு பேர் கைகொடுத்து எழுப்பினார்கள்.

"அத்தான், இப்படி ஒரு சொகம் எங்க வீட்டுல எதுலயும் இல்ல. உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுத்துடுங்களேன்."

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். ஏழு வருடம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து தன் உடம்புக்குப் பழக்கிய வலது ஓரம் அதில் இருந்தது.

"குடுத்துடுங்க," என்றார் மனைவி. "நாளைக்கே அனுப்பிடுங்க."

வண்டி வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கொழுந்தியாள் வந்து பார்ப்பது வெகுவாகக் குறைந்துபோனது. போனில் கேட்டால், உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியவில்லை அக்கா என்றாள்.

சோபா போன மறுநாள் சோபாக்காரர் பட்டறையில் ரம்பத்துக்குச் சாணை பிடித்தார். பிறகு ஸ்டூலின் மற்ற மூன்று கால்களிலும் அரை அங்குலம் அறுத்துவிட்டு, அட்டையை எடுத்துவிட்டு, மேலே அரை அங்குலப் பலகை ஒன்றை அடித்தார். நாடா வைத்து அளந்துபார்த்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மனைவி.

"கல்லு மாதிரி இருக்கு," என்றார். அன்றைக்கு டீ போடுவதற்கு முதலில் எழுந்தது அவர்தான்.