நட்டைப் பிடித்த கை

இதை நான் கட்டிச் சொல்லவில்லை. எனக்குக் குடிப் பழக்கமும் கிடையாது. போன ஓகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பேசாலைக் கடற்கரையில் நல்ல வெயிலில் நடந்தது.

அப்பா விட்டுப்போன வள்ளம். பாய் கட்டலாம். உள்ளே அடித்தளத்தில் பூட்டிய பழைய இஞ்சினும் உண்டு. அந்த இஞ்சினைக் கழற்றக் கூடாது என்று அண்ணன் வலன்ரைன் நின்றான். கழற்றிவிட்டு வெளியே மோட்டார் பூட்ட வேண்டும் என்று நான் நின்றேன். அதிலேயே மூன்று வருடம் முகம் பார்க்காமல் போயிற்று.

அவன் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. இனித் தடுக்க ஆளில்லை என்றுதான் நினைத்தேன். ஸ்பனர்களை எடுத்துக்கொண்டு தனியாக வள்ளத்தில் ஏறினேன்.

இஞ்சினைப் பூட்டியிருந்த நான்கு போல்ட்டில் மூன்று கழன்றுவிட்டன. நான்காவது துருவேறியிருந்தது. இந்தப் பக்கம் போல்ட்டைத் திருப்பினால் அந்தப் பக்கம் நட்டும் கூடவே சுற்றியது. என் கை அங்கே எட்டவில்லை. இஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

"ஆராவது இதைப் பிடியுங்கோவன்!" எரிச்சலில் கத்தினேன்.

கரையில் ஒருவரும் இல்லை. மணி மூன்று பத்து.

டக்...

அந்தப் பக்கம் ஏதோ ஒன்று நட்டைக் கவ்வியது.

ஸ்பனரைத் திருப்பினேன். நட்டு அசையவில்லை. போல்ட் மட்டும் சுற்றியது.

கிறீச்... கிறீச்...

"ஆரது?"

மூச்சுச் சத்தம் மட்டும். இழுத்து... இழுத்து...

பிறகு, மிகக் கிட்ட...

"மெதுவா... போல்ட்டின்ர மரை போயிடும்."

அண்ணனின் குரல்.

டோர்ச்சை அடித்தேன்.

இடைவெளியில் விரல்கள். கறுப்பாக. எண்ணெய் வடிய.

போல்ட் கழன்று விழுந்தது.

விரல்கள்... இல்லை.

குதித்து ஓடினேன். மணி மூன்று இருபத்திரண்டு.

வீட்டு வாசலில் போன் அடித்தது. அண்ணி றொஷேல். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"தம்பி... அவர் போயிட்டார். மூண்டு மணிக்கு."

அடுத்த நாள் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். கிட்டப் போக எனக்கு முகமில்லை. அண்ணிதான் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"பதினொரு நாள் கட்டிலை விட்டு எழும்பேல்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் மேல் துடைச்சு விட்டனான். செத்தாப் பிறகு பாக்கிறன், வலக்கை முழுக்க இஞ்சின் ஒயில். எங்கயிருந்து வந்தது தம்பி? கழுவக் கழுவப் போகேல்லை."

வள்ளத்தில் நடந்ததை அண்ணிக்கு இன்றுவரை சொல்லவில்லை.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அந்தக் கையைச் செபமாலையால் சுற்றிச் சுற்றி மறைத்திருந்தார்கள்.