பத்து வினாடி மோட்டார்

ஆறு மாத ஒப்பந்தத்தில் ஐந்தாவது மாதம் முடியவிருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நான் முன்பு இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்; நாற்பத்திரண்டு வயதில் புது இடத்தில் பேட்ஜ் மாட்டிக்கொண்டு நின்றேன். சின்ன மோட்டார்களைச் சோதிக்கும் கருவிக்குப் புது சர்க்யூட் போர்டு வந்திருந்தது. அதில் ஆர்டிஓஎஸ் ஏற்றி ஓடவைக்க வேண்டும். எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று நேரம் பிசகாமல் முறை வைக்கிற மென்பொருள் அது. வெள்ளிக்கிழமைக்குள் ஓடினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. மேலாளர் ராஜன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முதல் நாளே எல்இடி மின்னியது. புது போர்டில் முதல் விளக்கு மின்னும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை. மோட்டார் பத்து வினாடி ஓடி நிற்க வேண்டும். ஓடியது, நின்றது. ஆனால் மோட்டார்கள் சூடேறி ஒவ்வொன்றாக ஃபெயில் ஆயின. ஓடிய நேரம் பதிவாகும் லாக்கைப் பார்த்தால் மிகச் சரியாகப் பத்து வினாடி. மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயை மாற்றினேன், எந்த வேலை முதலில் என்கிற டாஸ்க் பிரையாரிட்டியை மாற்றினேன், மோட்டார் செய்து அனுப்பியவர்களைத் திட்டினேன். வியாழன் மதியம் வரை இதே கூத்து.

புது ரிலேக்கு ஒயர் பற்றவைக்க உற்பத்தி லைனிலிருந்து புஷ்பா வந்தார். நிபோங் திபாலிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருபவர். ஒவ்வொரு முனையிலும் சால்டரிங் கம்பியை மூன்று எண்ணும்வரை வைத்து எடுப்பார். பல வருடம் எண்ணி எண்ணி, அவர் உதடு சும்மாவே இருக்காது.

“அண்ணே, இந்த லைட்டு செகண்டுக்கு ஒரு தடவதானே மின்னணும்? லேட்டா மின்னுது லா.”

“லாக்ல கரெக்டா இருக்கும்மா. மில்லி செகண்டு வரைக்கும் காட்டுது பாரு.”

“அந்த லாக்க யாரு எழுதுறா?”

“இதே போர்டுதான்.”

“அதுகிட்டயே கேட்டா எப்படிண்ணே? உங்க வாட்ச்ச பாருங்க.”

பார்த்தேன். மோட்டார் ஓடி நிற்கப் பன்னிரண்டரை வினாடி.

பழைய போர்டின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி செய்தவன் நான்தான். அதில், போர்டுக்கு நேரத் துடிப்பு தரும் கிரிஸ்டல் பத்து மெகாஹெர்ட்ஸ். புது போர்டிலோ எட்டு. போர்டின் நேரமே மெதுவாக ஓடியிருக்கிறது, லாக்கும் அதே நேரத்தைத்தான் எழுதியிருக்கிறது. ஒரு வரியைத் திருத்தினேன். வெள்ளிக்கிழமை எல்லா மோட்டாரும் பாஸ்.

“எப்படிப்பா புடிச்ச? யாரு பாத்தது?” என்று ராஜன் கேட்டார். பக்கத்து மேசையில் புஷ்பா ஒயர் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நான்தான் பாஸ். கிளாக் செட்டிங்.”

பயம். வேறென்ன சொல்ல? லைன் ஆள் கண்டுபிடித்தார் என்றால் இவன் எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ராஜன் போனதும் புஷ்பா என்னிடம் வந்தார்.

“வேல பெர்மனென்ட் ஆயிடும்லண்ணே? அண்ணிக்கு போன் போட்டுச் சொல்லிட்டீங்களா?”

அந்த லைனை வேறு ஊருக்கு மாற்றி வெகுநாளாகிறது. அது இருந்த கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஈய வாசனையும் கேன்டீன் தேநீரும் நினைவுக்கு வந்து மனம் கனக்கும். புதிதாக வரும் எஞ்சினியர்களிடம் போர்டைக் கொடுக்கும்போது, அதன் நேரத்தை அதனிடமே கேட்காதீர்கள், கைக்கடிகாரத்தைப் பாருங்கள் என்கிறேன். சொல்லிக் கொடுத்தவர் புஷ்பா என்று பெயரையும் சொல்கிறேன். அவர்களுக்கு அந்தப் பெயர் யாரென்றே தெரியாது. தெரிய வேண்டியவர் ராஜன். அன்றைக்கு, புஷ்பாவின் காதில் விழும்படி, சொல்லியிருக்க வேண்டும்.