நாற்பதாம் பைட்டும் லிஃப்ட் மணியும்

போன ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுனில் ஒரு வீட்டில் எனக்கு சரியான நோஸ்கட். கொடுத்தவரால் பேசவே முடியாது!

எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ் கேன்டீனில் வேலை பார்க்கும் கலாவின் கணவர் மணி, ஒரு பெரிய காம்ப்ளெக்ஸில் லிஃப்ட் ஆபரேட்டர். தொண்டையில் ஆபரேஷன்... இனி குரல் வராது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அதனால் ஆபரேஷனுக்கு முதல் நாள் அவரைப் பழைய வாய்ஸ் ரெக்கார்டர் ஒன்றில் பேச வைத்திருக்கிறாள் கலா. பாதியில் பேட்டரி அவுட். ஃபைல் இருக்கிறது, போட்டால் சைபர் செகண்ட் என்கிறது.

"அந்தக் குரலு ஒண்ணுதான் மேடம் மிச்சம்" என்றாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விஷயம் சிம்பிள். இந்த மாதிரி ஃபைலின் தொடக்கத்தில், உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்று ஓர் எண் இருக்கும். ஸ்டாப் பட்டனை அழுத்தினால்தான் ரெக்கார்டர் அதை நிரப்பும். இங்கே யார் அழுத்தினார்கள்? ஆக, அந்த இடத்தில் சைபர்தான் இருக்க வேண்டும். ஃபைல் என்பதே பைட் எனப்படும் எண்களின் நீண்ட வரிசைதான்; அதில் அந்த அளவுக்கான இடம் – நாற்பது.

பைட்டுகளை ஸ்கிரீனில் வரிசையாகக் காட்டும்படி நாலு வரி புரோகிராம் எழுதினேன். விரல் வைத்து ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி நாற்பதில் நிறுத்தினேன். 97!

தொண்ணூற்றேழா? எப்படி? மறுபடி எண்ணினேன். அதே 97. கலாவின் முகம் வாடிவிட்டது. இருபது வருஷ சர்வீஸ் பெருமையெல்லாம் காற்றில் போச்சு.

மணி மேஜையைத் தட்டினார். நோட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார்: 'கிரவுண்ட் ஃப்ளோர எண்ண மாட்டீங்களா?'

அட... கம்ப்யூட்டரும் லிஃப்ட் மாதிரி சைபரிலிருந்து அல்லவா எண்ணும்! முதல் பைட்டுக்கு நம்பர் சைபர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். வெட்கமாக இருந்தது. ஒரு பைட் தள்ளிப் பார்த்தேன். சைபர் உட்கார்ந்திருந்தது.

ஃபைலை ஒரு காப்பி எடுத்து, அதில் சரியான அளவை எழுதி, பிளேயைத் தட்டினேன். கொஞ்சம் கரகரப்பு. பிறகு, இரண்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத குரல்.

"ஏ கலா, இது ஓடுதா? எனக்கென்னமோ ஒண்ணும் பதிவாவலன்னு தோணுது."

கலா அழுதுவிட்டாள். மணி தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமே இல்லாமல்.

பதிவாகியிருக்கிறது மணி சார்... நான்தான் ஒரு மாடி முன்னாலேயே இறங்கிவிட்டேன்!