எத்தனை டேங்க் அடிப்பீர்கள்?

திராட்சைக்கு மருந்தடிப்பதால் கை நடுக்கம் வருகிறதா என்று கம்பம் பள்ளத்தாக்கில் வீடு வீடாய்ப் போய்ப் படிவம் நிரப்புவது என் வேலை. அதிகம் அடித்தவருக்கு அதிகம் நடுங்கினால் மருந்தைச் சந்தேகிக்கலாம், அதற்குத்தான் இத்தனை நடை. கதவு தட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, என் அலுப்பு உங்களுக்குப் புரியும்.

அளவு

சுருளிப்பட்டியில் ஒரு விவசாயியிடம், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டேங்க் வாரத்துக்கு எத்தனை என்றேன். மழை பெய்தால் தினமும், வெயில் காய்ந்தால் கிடையாது, கொடியைக் கவாத்து வெட்டி முடித்தால் அது வேறு என்றார். படிவத்தில் இருப்பதோ ஒரே கட்டம். சராசரியாகச் சொல்லுங்கள் என்று மூன்றாம் முறையாகக் கெஞ்சினேன்.

"சோத்துக்கு எத்தன கல்லு உப்புன்னு உங்க வீட்ல கேட்டுட்டு வாங்க சார், பெறகு நான் சொல்றேன்."

பூஜ்யம்

ராயப்பன்பட்டியில் ஞானமுத்து என்ற விவசாயி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். செம்பு ஆடி, பாதி என் படிவத்தில் கொட்டியது. இந்த வருஷம் எத்தனை நாள் மருந்தடித்தீர்கள் என்றேன். ஒருநாள்கூட இல்லையாம். பூஜ்யம் போட்டுவிட்டு எழுந்தவனை அவர் மனைவி செசிலி மறித்தார்.

"கை ஆடப்போயித்தான் டேங்க எறக்கி வச்சாக. அதுக்கு முன்ன இருவது வருசம் அடிச்சாகளே, அத எழுத மாட்டீகளா?"

அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோடு

தேனி அலுவலகத்தில், ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா படிவங்களைச் சேர்த்துக் கணினியில் கோடு போட்டார். அதிகம் அடிப்பவர்களுக்கு நடுக்கம் குறைவு என்று அது சரிந்து இறங்கியது. அன்றைக்கே முடிவு என்ன என்று செசிலி போனில் கேட்க, "அடிக்கிறவங்களுக்கு ஒண்ணுமில்லையாம்" என்று உளறிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பஸ்ஸில் நின்றபடி வரும்போதுதான் உறைத்தது. நடுக்கம் வந்தவர்களெல்லாம் டேங்கை இறக்கிவிட்டுப் பூஜ்யத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வராதவர்கள்தான் இன்னும் அடிக்கிறார்கள். கோடு சரியாமல் என்ன செய்யும்? டாக்டரம்மாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பூஜ்யம் போட்ட அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போங்க, முன்னால எத்தனை வருஷம் அடிச்சாங்கன்னு கேளுங்க."

மறுபடியும்

முதலில் ராயப்பன்பட்டிக்குத்தான் ஓடினேன். பந்தலுக்கடியில் செசிலி, முதுகில் டேங்க். வாயில் துணிகூடக் கட்டவில்லை. நான் சொன்னது தப்பு, இறக்கி வையுங்கள் என்றேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவர் இறக்கவில்லை.

"உங்க பேச்ச நம்பித்தான் சார் ஒரு மாசமா தூக்குறேன். பாதிப் பந்தல் அடிச்சாச்சு, மீதிய யாரு வந்து அடிப்பா?"

இப்போதெல்லாம் ஆராய்ச்சியின் முடிவு என்ன என்று யார் கேட்டாலும், இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறேன்.